மனச்சோர்வும் நம் சமய மரபும்: ஒரு வரலாற்று நோக்கு

கொழும்பிலே வாழும் தமிழரிடையே அங்கொடை என்பது ஓர் ஊரின் பெயராக வழங்குவதில்லை. ஒரு வசையாகவே வழங்கி வருகின்றது. பந்தடிக்கும் மைதானத்திலே தோழன் ஒருவன் சற்றே விபரீதமாகப் பேசினால், "இவனை அங்கொடைக்கு அனுப்ப வேண்டும்" என்று நகையாடுகிறோம். யாழ்ப்பாணத்திலிருந்து வந்த முதியோர் "விசர்" என்னும் ஒரே சொல்லாற் காரியத்தை முடித்துவிடுகின்றனர். சொல்பவருக்கு இவை விளையாட்டுச் சொற்கள். ஆயின், பல வாரங்களாக உறக்கமின்றி, உணவிலே விருப்பின்றி, எழுந்து முகங்கழுவுதலையும் மலையைப் பெயர்ப்பது போன்ற வேலையாகக் கருதி, உள்ளே குமைந்துகொண்டிருக்கும் ஒருவன் அவ்விடத்தே நின்றானாயின், அவன் அன்று முதல் வாய் திறவான். இவ்வாண்டு மலரிலே இவ்விடயத்தை எடுத்துக்கொண்டமைக்குக் காரணம் இதுவே. இளைஞரும் பெரியோரும் ஒருங்கே படிக்கும் ஏடு வேறு நம்மிடம் இல்லை.

அங்கொடை வசையாயின வரலாற்றை முதலிலே காண்போம். பிரித்தானியர் ஆட்சியின் தொடக்கத்திலே மனநோயாளர்க்கென இந்நாட்டிலே தனியிடம் இருக்கவில்லை. சிலர் சிறைச்சாலைகளிலும், சிலர் ஒல்லாந்தர் காலத்திலே தொழுநோயாளர்க்கென அமைந்த ஹெந்தளை விடுதியிலும் அடைக்கப்பட்டனர். 1847ஆம் ஆண்டிலே பொறளையிலே ஒரு புகலிடம் கட்டப்பட்டது. 1873ஆம் ஆண்டின் 1ஆம் இலக்கச் சட்டம் பித்தரை எவ்வாறு பிடித்து, நீதிமன்றத்தின் முன் நிறுத்தி, எவ்விதம் அடைத்துவைப்பது என்பதை வகுத்தது. நோயாளியை நீதவானும் பொலிசாரும் கையாளும் பொருளாக்கிய அச்சட்டம், பின்வந்த திருத்தங்களோடு நூறாண்டுக்கும் மேலாக நிலைபெற்றது. 1880களிலே புகலிடம் கறுவாத்தோட்டத்துக்கு மாறிற்று. செல்வரின் மாளிகைகள் பெருகிய அப்பகுதியிலே அது நெடுங்காலம் நிலைக்கவில்லை. 1920களின் பிற்பாதியிலே நகருக்கு வெளியே, அங்கொடையிலே, பெரிய மனநோய் வைத்தியசாலை எழுந்தது. நகரம் வளர வளர நோயாளர் நகரத்தின் கண்ணுக்கு மறைவாகத் தள்ளப்பட்டனர் என்று சொல்வது மிகையன்று.

அங்கொடை கட்டிமுடித்த சில ஆண்டுகளுக்குள்ளேயே நிரம்பி வழிந்தது. 1937-38ஆம் ஆண்டுகளிலே லண்டன் மோட்ஸ்லி வைத்தியசாலையின் தலைவர் எட்வேர்ட் மாப்பொதர் என்பார் இலங்கை அரசின் அழைப்பிலே வந்து, நிலைமையைப் பார்வையிட்டு, நெருக்கடியைக் கடுமையாகக் கண்டித்து அறிக்கை எழுதினார். எல்லாரையும் ஒரே மதிலுக்குள் அடைத்தல் வேண்டாம். பொது வைத்தியசாலைகளிலேயே வெளிநோயாளராக வைத்துப் பார்க்கலாம் என்பது அவருடைய ஆலோசனைகளுள் முக்கியமானது. அவ்வழி மெல்ல மெல்லவே திறந்தது. இன்று அங்கொடை நிலையம் தேசிய மனநல நிறுவனம் என்னும் பெயரோடு விளங்குகின்றது. சிகிச்சைக்குச் செல்வோரிற் பெரும்பாலார் மருந்து பெற்று அன்றே வீடு திரும்புகின்றனர். பெயர் மாறிற்று, சிகிச்சை மாறிற்று; நம்முடைய வசை மாத்திரம் மாறவில்லை.

இனி, வடக்கிலே ஒரு தமிழ்க் குடும்பத்திலே மகனோ மகளோ மனநோயுற்றால் அக்காலத்திலே என்ன செய்தனர்? கொழும்பு தூரம், மொழி வேறு, அங்கொடை என்றால் அச்சம். ஆகவே கோயிலை நாடினர். தொண்டைமானாற்றுச் செல்வச்சந்நிதியின் மடங்களிலே நோயாளரோடு குடும்பத்தினரும் வாரக்கணக்காகத் தங்கி, ஆற்றிலே நீராடி, பூசை கண்டு, அன்னதானத்திலே உண்டு, முருகன் பெயரைச் சொல்லிக்கொண்டிருந்தனர். கதிர்காமத்துக்கு நேர்ந்துகொண்டு நடந்தாரும் பலர். படித்தவர் சிலர் இதனை மூடநம்பிக்கை என்று ஒதுக்கிவிடுவர். அங்ஙனம் ஒதுக்குதல் அவசர புத்தியாகும். அங்கே நோயாளிக்குக் கிடைத்தவை எவை என்று எண்ணிப் பார்த்தல் வேண்டும்: வேளைக்கு உணவு, வேளைக்கு நீராட்டு, பக்கத்திலே உறவினர், "உனக்கு என்ன?" என்று குடையாத சனங்கள். சந்நிதியிலே நோயுற்று வந்திருப்பது ஒருவருக்கும் வெட்கமன்று.

2002ஆம் ஆண்டிலே பெங்களூர் மனநல நிறுவனத்தைச் சேர்ந்த டாக்டர் ரகுராமும் அவருடைய கூட்டாளிகளும் பிரித்தானிய மருத்துவ இதழிலே ஓர் ஆய்வினை வெளியிட்டனர். தமிழ்நாட்டிலே வேலாயுதம்பாளையம்புதூர் என்னுஞ் சிற்றூரின் முத்துசாமி கோயிலிலே தங்கியிருந்த 31 மனநோயாளரை அவர்கள் ஆராய்ந்தனர். சராசரி ஆறு வாரம் தங்கினர், மருந்து கொடுக்கப்படவில்லை, கோயிலிலே சிறு சிறு பணிகள் செய்தனர். நோய்க்குறிகளின் அளவு ஏறக்குறைய நூற்றுக்கு 20 வீதம் குறைந்திருந்தது. மனச்சோர்வினும் கடுமையான சித்தக் கலக்கங்களே அங்கு காணப்பட்டவை என்பதையும், 31 பேர் சிறு தொகை என்பதையும் மறத்தலாகாது. ஆயினும் அன்பான சூழல் தானே ஒரு மருந்து என்பதற்கு இதனை ஒரு சாட்சியாகக் கொள்ளலாம்.

சூழல் அன்பற்றதாயின் விளைவு யாதாகும் என்பதற்கும் தமிழ்நாட்டிலேயே சாட்சி உண்டு. 2001 ஆகஸ்ட் 6ஆம் நாள் விடியற்காலையிலே, இராமநாதபுர மாவட்டத்து ஏர்வாடியிலே, தர்காவை அண்டி நடத்தப்பட்ட தனியார் விடுதியொன்றிலே தீப்பற்றியது. சங்கிலியாற் பிணிக்கப்பட்டிருந்த நோயாளர் 28 பேர் ஓட வழியின்றி மாண்டனர். புனிதத் தலத்தின் நிழல் மாத்திரம் ஒருவரையும் காப்பதில்லை. எந்தச் சமயத்துத் தலமாயினும், சங்கிலி புகுந்த இடத்திலே அருளுக்கு இடமில்லை என்பது நமது கருத்து.

மனத்துயரைப்பற்றி நம் நூல்கள் கூறுவனவற்றை இளைஞர் அறிந்திருத்தல் நன்று. சரக சங்கிதை உன்மாதம் என்னும் மனநோய்க்குத் தனி அத்தியாயங்கள் வகுத்து, அதனை ஐவகையாகப் பிரிக்கின்றது. வாதம், பித்தம், கபம் என்பவற்றின் கோளாற்றாலும் அவை மூன்றும் கூடியதாலும் வருவன நான்கு. புறத்திருந்து வருவது ஒன்று. ஐந்திலே நான்கு உடற்கோளாறு என்று அப்பழங்காலத்து வைத்தியர் கணித்தமை நோக்கற்பாலது. நோய்களை வளர்க்குங் காரணங்களுள் விஷாதமே தலையாயது என்றும் அந்நூல் வேறோரிடத்திற் கூறும். விஷாதமாவது நம்பிக்கையிழந்த சோர்வு.

இந்த விஷாதம் என்னுஞ் சொல்லைக் கேட்டவுடன் பகவத்கீதையின் முதல் அத்தியாயம் நினைவுக்கு வருதல் வேண்டும். அதன் பெயர் அருச்சுன விஷாத யோகம். நமது சங்கங்களிலே கீதை வகுப்புகள் பெரும்பாலும் இரண்டாம் அத்தியாயத்திலிருந்து, ஆன்மா அழிவற்றது என்னும் இடத்திலிருந்தே தொடங்குகின்றன. முதல் அத்தியாயம் கதைச் சுருக்கம் போலக் கழிந்துவிடுகின்றது. இது பெருங்குறை. அங்கே வீரருள் வீரனாகிய அருச்சுனனுக்கு அங்கங்கள் தளர்கின்றன, வாய் உலர்கின்றது, உடல் நடுங்குகின்றது, தோல் எரிகின்றது, காண்டீபம் கைநழுவுகின்றது, மனம் சுழல்கின்றது, நிற்க மாட்டாது தேர்த்தட்டிலே சாய்ந்துவிடுகின்றான். துயரம் மனத்திலே தோன்றினும் உடலிலே பேசும் என்பதை அந்நூலாசிரியர் நன்கறிந்திருந்தார்.

அதற்கு மேலும் ஒரு நுட்பம் உண்டு. இரண்டாம் அத்தியாயத் தொடக்கத்திலே கண்ணன் முதலிலே சொல்வது கண்டிப்புச் சொல்: இந்தக் கோழைத்தனம் உனக்குத் தகாது, எழுந்திரு என்பதே அதன் பொருள். பலன் என்ன? அருச்சுனன் எழவில்லை. புலன்களை வற்றச்செய்யும் இத்துயரை நீக்கும் வழி தெரியவில்லை என்று முறையிட்டு, போர் செய்யேன் என்று சொல்லி மௌனமாகிவிடுகின்றான். கடவுளின் வாயிலிருந்தே வந்தாலும் "தைரியமாயிரு" என்னுஞ் சொல் தனியே நின்று பயன் தரவில்லை! அதன் பின்னரே கண்ணன் அவன் பக்கத்திலே நின்று, வினாக்களைப் பொறுத்து, பதினெட்டாம் அத்தியாயம் வரையிலே பேசுகின்றான். அருச்சுனன் உற்றது ஒரு நெருக்கடியில் எழுந்த கலக்கம். மாதக்கணக்காக நீடிக்கும் நோயன்று. ஆயினும் வீட்டிலே சோர்ந்து கிடக்கும் பிள்ளையிடம் "எழும்பு, படி, கடவுளை நம்பு" என்று மூன்று கட்டளையிட்டுவிட்டுக் கடமை முடிந்ததென்று போகும் பெற்றோர், இந்தப் பத்துச் சுலோகங்களை ஒருமுறை படித்தல் நலம்.

வெள்ளவத்தையிலே இராமகிருஷ்ண மிஷன் அமைந்திருப்பதால் பகவான் இராமகிருஷ்ணரின் சரிதம் நம்மவர் பலருக்கும் பழக்கமானது. 1856ஆம் ஆண்டிலே தமையனாரை இழந்தபின் தட்சிணேசுவரத்திலே அவர் உற்ற தவிப்பும், உறக்கமின்மையும், உடலெரிவும் கண்ட அயலார் அவரைப் பித்தர் என்றனர். கல்கத்தாவின் பெயர்பெற்ற கவிராஜராகிய கங்காபிரசாத சேனரிடம் அவரைக் காட்டி மருந்து கொடுத்தனர். உறவினர் ஒருபடி மேலே சென்று, கலியாணம் செய்துவைத்தாற் சரியாகும் என்று கருதி 1859ஆம் ஆண்டிலே மணமும் முடித்தனர். (அவ்வைத்தியம் வங்காளத்துக்கு மாத்திரம் உரியதன்று என்பதை வாசகர் அறிவர். நோயை மறைத்து ஒரு பெண்ணின் கழுத்திலே தாலியைக் கட்டுதல் இரண்டு உயிருக்குச் செய்யும் கேடு.) 1861ஆம் ஆண்டளவிலே வந்த பைரவி பிராமணி என்னும் அம்மையாரே இது பித்தன்று, மகாபாவம் என்று எடுத்துரைத்தார். அவர் உற்றது நோயோ அனுபூதியோ என்னும் விவாதம் நமக்கு வேண்டுவதில்லை. அவர் மருந்தை வெறுக்கவில்லை என்பதே நாம் கவனிப்பது. இறுதிக்காலத்திலே தொண்டைப் புற்றுநோய்க்கும் டாக்டர் மகேந்திரலால் சர்க்காரின் சிகிச்சையை ஏற்று, அவரோடு மணிக்கணக்கிலே உரையாடினார். மருந்துண்பது விசுவாசக் குறைவு என்று சொல்வார் இதனைச் சிந்திப்பாராக.

நமது நாட்டிலே நல்லூர்த் தேரடியிலே வீற்றிருந்த செல்லப்பா சுவாமிகளையும் ஊரார் விசரர் என்றே அழைத்தனர். 1915ஆம் ஆண்டிலே அவர் சமாதியடைந்தார். அந்த "விசரரிடம்" வந்து பணிந்தவரே, 1964ஆம் ஆண்டு வரை ஈழத்துச் சைவவுலகிலே ஒளிவீசிய கொழும்புத்துறை யோகர் சுவாமிகள். இவ்வரலாற்றைப் பெருமையோடு சொல்கிறோம், சொல்ல வேண்டியதுதான். ஆனால் இதிலிருந்து ஒரு தவறான முடிவும் நம்மிடையே பிறந்துள்ளது. ஒரு பையன் பேச்சைக் குறைத்து, நண்பரை விலக்கி, அறைக்குள்ளே முடங்கினால், "அவனுக்கு ஞானப் போக்கு" என்று சொல்லிக் குடும்பம் ஆறுதலடைகின்றது. வைராக்கியமும் மனச்சோர்வும் வெளித்தோற்றத்திலே ஒத்திருக்கலாம். உள்ளே வேறு வேறு. வைராக்கியமுற்றவன் உலகப் பொருளை வெறுப்பானேயன்றித் தன்னை வெறுப்பதில்லை. அவனுக்கு உறக்கம் வரும். பிறர் துயரங்கண்டு இரங்குவான். தெய்வத்தின் பெயர் அவனுக்கு இனிக்கும். சோர்வுற்றவனுக்கோ தேவாரமும் சுவையற்றுப் போகின்றது. தான் பாவி, தான் பாரம் என்னும் எண்ணம் அவனை அரிக்கின்றது. கும்பிட்டும் ஒன்றும் உணரவில்லையே என்பது அவனுக்கு இன்னொரு குற்றவுணர்ச்சியாகின்றது. இவ்விடத்திலே "உன் பக்தி போதாது" என்று ஒருவர் சொன்னால், அது விழுந்தவனை மிதிப்பதாகும்.

இப்பொருளைப்பற்றி 1985ஆம் ஆண்டிலே ஈழத்து மானிடவியலறிஞர் கணநாத் ஒபயசேகர எழுதிய கட்டுரையொன்று உலகெங்கும் பேசப்பட்டது. வாழ்விலே எல்லாவற்றிலும் நம்பிக்கையிழத்தலே மனச்சோர்வு என்று மேனாட்டு ஆய்வாளர் கூறினர். வாழ்வு துக்கமயம் என்பது பௌத்தனுக்கு நோயன்று, தத்துவம் என்று அவர் விடையிறுத்தார். துயருக்குச் சமயம் ஒரு பொருளைத் தந்து தாங்கிக்கொள்கின்றது என்பது அவர் கருத்து. நிலையாமையைப் பாடாத சித்தர் நம்மிடமும் இல்லையாதலால் இது சைவர்க்கும் பொருந்தும். ஆழ்ந்த கருத்துத்தான், ஆனால் அரை உண்மை. துக்கத்துக்கு இத்தனை தத்துவம் படைத்த இந்நாட்டிலேயே, 1995ஆம் ஆண்டளவிலே ஓர் இலட்சம் பேருக்கு 47 பேர் வரையிலே தம்முயிரைத் தாமே போக்கிக்கொண்டனர். உலகிலே மிக உயர்ந்த விகிதங்களுள் அஃது ஒன்று. பின்னர் அத்தொகை பாதிக்கும் கீழே இறங்கிற்று. அதற்குப் பெருங் காரணமாக ஆய்வாளர் காட்டுவது, கொடிய கிருமிநாசினிகள் சிலவற்றை அரசு தடைசெய்தமையை. அந்த நேரத்துக் கொடிய எண்ணம் கடந்துபோகும். கடக்கும் வரை கைக்கெட்டாதபடி காத்தால் உயிர் நிலைக்கும் என்பது இதனாற் புலனாகின்றது. 1998ஆம் ஆண்டிலே தற்கொலை முயற்சி குற்றம் என்னும் சட்டப்பிரிவும் நீக்கப்பட்டது. அது வரையிலே, உயிர் பிழைத்தவனைப் பார்க்க டாக்டருக்குப் பின்னாலே பொலிசாரும் வந்தனர்.

இரத்மலானையிலே வாழும் நமக்கு இவ்வரலாற்றிலே சொந்தமான பக்கமும் உண்டு. 1983 யூலையிலே வீடிழந்த தமிழர் ஆயிரக்கணக்கிலே இரத்மலானை விமான நிலையத்திலே தஞ்சம் புகுந்தனர். அங்கிருந்து கப்பலேறி வடக்கே சென்றவர் பலர்; திரும்பி வந்து மீண்டும் அடுப்பு மூட்டியவர் சிலர். அவர்களுக்கு உடையும் உணவும் கொடுத்தோர் இருந்தனர். மனத்திலே பட்டது யாது என்று அன்று கேட்டார் அரியர். வடக்கிலே போரின் நடுவே யாழ்ப்பாணத்திலும் தெல்லிப்பழையிலும் மனநல மருத்துவராகப் பணியாற்றிய பேராசிரியர் தயா சோமசுந்தரம், 1998ஆம் ஆண்டிலே வடுப்பட்ட மனங்கள் எனப் பொருள்படும் பெயரோடு ஓர் ஆங்கில நூலை வெளியிட்டார். நம் மக்கள் "மனஞ் சரியில்லை" என்று வருவதில்லை. தலையிடி, நெஞ்சு நோவு, உடம்பெல்லாம் உளைவு என்றே வருகின்றனர் என்பது அவர்போன்ற மருத்துவர்கள் திரும்பத் திரும்பக் கண்டது. உற்றாரை இழந்தவரிடம் இடைவிடாத பெருமூச்சையும் ஒரு துயரக் குறியாக அவர் பதிவு செய்தார். நமது வீடுகளிலே திண்ணையிலிருந்து பெருமூச்செறியும் பாட்டிமாரை "வயசு போனால் இப்படித்தான்" என்று கடந்துவிடுகிறோமே, அவர்களிடம் 1983ஐப்பற்றி ஒருமுறையேனும் அமர்ந்து கேட்டோமா?

குடும்பத்தின் துணை எத்துணைப் பெரியது என்பதற்கும் இந்நாட்டிலிருந்தே சான்று கிடைத்தது. 1979ஆம் ஆண்டிலே நான்சி வக்ஸ்லர் என்னும் அமெரிக்க அறிஞர் ஒரு முடிவை வெளியிட்டார். இந்நாட்டிலே முதன்முறை வைத்தியசாலையிற் சேர்க்கப்பட்ட சித்தக் கலக்க நோயாளரை ஐந்தாண்டு தொடர்ந்து பார்த்தபோது, மேனாட்டு நோயாளரினும் அவர்கள் நன்கு தேறியிருந்தனர். நோயை நோயாளியின் குணமாக எண்ணாது, வந்து போகும் ஒன்றாகக் குடும்பத்தார் கருதி, அவரை மீண்டும் வேலைக்கும் வீட்டுக்கும் ஏற்றுக்கொண்டமையை அவர் காரணங்களுள் ஒன்றாகக் கண்டார். மாடி வீட்டு அறைகளிலே தனித்து, பிள்ளைகள் பிறநாடுகளிலே, பெற்றோர் வெள்ளவத்தையிலே என்று வாழும் இக்காலத்திலே அத்துணை தானாகக் கிடைப்பதில்லை. இளைஞர் சங்கம் போன்றவற்றுக்கு இங்கே வேலை இருக்கின்றது.

மனச்சோர்வோடு வாழ்வோர்க்கும் அவர்தம் வீட்டார்க்கும் உதவக்கூடிய சில செய்திகள்: இரண்டு வாரத்துக்கு மேலாக மனம் இருண்டு, முன்பு விரும்பியவற்றிலே நாட்டமின்றி, உறக்கமும் பசியும் மாறி, தன்னைத்தான் இகழும் எண்ணம் நீங்காதிருந்தால், டாக்டரிடம் காட்டல் வேண்டும். பெரிய வைத்தியசாலைகளின் வெளிநோயாளர் பிரிவிலேயே இதற்குச் சிகிச்சை உண்டு. மாத்திரை தொடங்கியவுடன் குணம் தெரியாது. இரண்டு முதல் நான்கு வாரம் செல்லும். தேறியவுடன் தாமாக நிறுத்தினால் நோய் திரும்புவது வழமை. சிலருக்கு அது வாழ்நாளிலே பலமுறை வரும். நீரிழிவோடு வாழ்வது போல அதனோடும் வாழலாம், உத்தியோகம் பார்க்கலாம், பிள்ளை வளர்க்கலாம். பேச ஒருவர் வேண்டுமாயின், 1974ஆம் ஆண்டு முதல் கொழும்பிலே இயங்கும் சுமித்ரயோ என்னும் தொண்டு நிறுவனத்தார் பெயரும் ஊரும் கேளாது செவிசாய்ப்பர். தேசிய மனநல நிறுவனத்தின் தொலைபேசி இலக்கம் 1926. உயிரை மாய்க்கும் எண்ணம் ஒருவர் வாயிலிருந்து வந்தால், அதனை நடிப்பென்று கருதாது, அன்றே கூட்டிச்செல்க. வழியிலே தனியே விடற்க.

கடைசியாக, விரதகாலம் வரும்போதெல்லாம் எழும் ஒரு கேள்வி: மாத்திரை எடுப்போர் கந்தசஷ்டி பிடிக்கலாமா? லிதியம் என்னும் மருந்து எடுப்போர் நீரும் அருந்தாது கடும் உபவாசம் இருத்தல் ஆபத்து. உடலிலே நீர் குறைந்தால் இரத்தத்திலே அம்மருந்தின் அளவு ஏறி நஞ்சாகலாம். ஏனையோரும் டாக்டரைக் கேட்டு, பாலும் பழமும் ஒரு நேர உணவுமாக விரதத்தை அமைத்துக்கொள்ளலாம். நோயாளர்க்கும் கர்ப்பிணிகட்கும் முதியோர்க்கும் இவ்வாறு தளர்த்திக்கொள்வது நம் வீடுகளிலே என்றும் உள்ள வழக்கம். ஆறாம் நாள் சூரன்போர் பார்க்க வருவோர் காலை மாத்திரையை ஒரு மிடறு பாலோடு விழுங்கிவிட்டே வரலாம்.